செவந்தியைத் தூக்கிய பெரிய மனிதர்கள்

“யாரைக் கேட்டு எம்புள்ளையை நிக்க வச்சீங்க டீச்சர்? யாரைக் கேட்டு வச்சீங்க?”

“மெதுவாப் பேசுங்க அக்கா. உள்ள பாடம் நடக்குது.”

“நடக்கட்டும்! ஊருக்கே கேக்கட்டும்! மூணு வருசமாப் பொத்திப் பொத்தித் தூக்கிக்கிட்டு வாரேன். ஒரே நாள்ல கெடுத்துப்புட்டீங்களே!”

“பெஞ்சு மேலதானே நிறுத்துனேன். தரையிலயா நிறுத்துனேன்?”

“பெஞ்சு எதுமேல நிக்குது? ஆகாசத்துலயா?”

மதலைமேரி டீச்சர் உள்ளே கிடந்த பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூட வேலிக்கு வெளியே ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்த நானும் எட்டிப் பார்த்தேன். குழை ஒடித்து முடித்து வெகு நேரமாகியிருந்தது. ஆனாலும் ஒரு சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

சத்தம் போட்டவள் என் அடுத்த வீட்டுச் செங்கமலம். அவள் இடுப்பில் மகள் செவந்தி உட்கார்ந்திருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை. மெலிந்த கால்கள் இரண்டும் தாயின் முழங்காலையும் தாண்டித் தொங்கின. சண்டையில் அவளுக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. “ஆத்தா, பெஞ்சு ஜில்லுனு இருந்துச்சு” என்று மட்டும் சொன்னாள். செங்கமலம் அந்தக் காலில் ஓர் அடி வைத்தாள். வைத்த கையாலேயே தடவியும் கொடுத்தாள்.

டீச்சர் ஆவூர்க்காரர். அந்த வருடம்தான் எங்கள் ஊர் போர்டு ஸ்கூலுக்கு மாற்றலாகி வந்திருந்தார். தாய்க்காரி செல்லம் கொடுத்துப் பிள்ளையைக் கீழே இறக்காமல் வைத்திருக்கிறாள் என்று அவர் நினைப்பு.

“எந்தம்பிக்கும் இதே வாதம்தான் அக்கா. எங்க ஊர்ச் சர்ச்சுச் சாமியாரு ரெண்டு மூங்கில் கம்பைக் கைப்பிடியாக் கட்டி, நடுவுல நிறுத்தித் தெனம் பழக்குனாரு. இப்பக் கம்பு ஊன்றிக்கிட்டுத் தனியாக் கோயிலுக்குப் போயி வாரான். செவந்தி முழங்காலைப் பாருங்க. மடங்குனபடியே இறுகிக்கிட்டு வருது. இன்னும் ஒரு வருசம் இப்படியே இடுப்புல வச்சுக்கிட்டுத் திரிஞ்சா, அப்புறம் யாரு நீட்டுனாலும் நீளாது. ஒங்களாலயும் எத்தனை நாளைக்கு முடியும்? இப்பவே முதுகைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வாறீங்க. நீங்க படுத்துட்டா இது பள்ளிக்கூடத்துக்கு எப்படி வரும்?”

செங்கமலம் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்துவிட்டாள். உட்காரும்போதும் பிள்ளையின் கால்களைத் தன் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொள்ள மறக்கவில்லை. பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே சொன்னதில் பாதி டீச்சருக்குப் புரிந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் மீதியை நான் சொன்னேன். இந்த மாதிரி உதவிகளை யாரும் கேட்காமலே செய்கிறவள் நான்.

விஷயம் இதுதான். செவந்திக்கு ஐந்து வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் இளம்பிள்ளை வாதம் என்றார்கள். உயிர் நிற்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. புருஷன் ஆண்டியப்பன் கொழும்பில் ஒரு கடையில் வேலையாக இருந்தான். கூட ஆள் இல்லை. பயந்துபோன செங்கமலம் அய்யனாரிடம் நேர்ந்துகொண்டாள்: “எம்புள்ளையை உசுரோட குடு சாமி. புரவி எடுப்பு அன்னைக்குக் குதிரையோட குதிரையாத் தூக்கிட்டு வந்து ஒன் வாசல்ல எறக்குறேன். அதுவரைக்கும் இதோட காலு மண்ணுல படாது.”

பிள்ளை பிழைத்தது, கால்கள்தான் துவண்டுவிட்டன. அவள் நேர்ந்துகொண்டது பங்குனியில். புரவி எடுப்பு வைகாசியில். இரண்டு மாதம் தூக்கினால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தாள். மாதக் கணக்கு சரிதான். எங்கள் ஊரைத்தான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டாள்.

மண்ணால் செய்த குதிரைகளை ஊர் கூடித் தூக்கிக்கொண்டு போய் அய்யனார் கோயிலில் வைப்பதுதான் புரவி எடுப்பு. அதற்கு முதலில் ஊர் சார்பாக ஒருவர் கண்மாயில் ஒரு பிடி மண் எடுத்து, குதிரை செய்யும் திருப்பதி வேளாரிடம் கொடுக்க வேண்டும். பிடிமண் கைக்கு வராமல் வேளார் வேலையைத் தொட மாட்டார். வழக்கமாகக் கொடுத்து வந்த பெரியவர் அந்தச் சித்திரையில் வாரிசு இல்லாமல் காலமாகிவிட்டார். அண்ணன் வழி நான்தான் என்று கீழத்தெருப் பெரியகருப்பன் கிளம்பினார். தம்பி வழியானால் என்ன, கடைசி வரை கஞ்சி ஊற்றியது நான்தான் என்று மேலத்தெருச் சிவசாமி கிளம்பினார். கண்மாய் நிறைய மண் கிடக்கிறது. அதில் ஒரு பிடியை யார் அள்ளுவது என்று இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டதில் மூன்று வைகாசி போய்விட்டது. அய்யனார் காது உடைந்த பழைய குதிரைகளோடு காலம் தள்ளினார்.

செங்கமலம் வீடு முழுக்கச் சாக்கு விரித்து வைத்திருந்தாள். செவந்தி அதன்மேல்தான் தவழ்ந்து திரிவாள். வாசல் தாண்டினால் தாயின் இடுப்பு. ஐந்து வயதில் சுமை தெரியவில்லை. எட்டு வயதில் தெரிந்தது.

எல்லாவற்றையும் கேட்ட டீச்சர், “கோயில் அங்கதானே இருக்கு? இன்னைக்கே கொண்டுபோய் எறக்கிட்டு வந்தா என்ன?” என்றார்.

“குதிரை இல்லாமயா? சாமிகிட்டச் சொன்ன சொல்லு என்னாகுறது?” என்றாள் செங்கமலம். நானும் நாக்கைக் கடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்ப அந்த ரெண்டு பேரையும் தூக்கச் சொல்லுங்க! மண்ணு குடுக்காம முறுக்கிக்கிட்டு நிக்கிறது அவங்க. முதுகு ஒடியிறது மட்டும் ஒங்களுக்கா?”

கோபத்தில் சொன்ன பேச்சு. இதைச் செங்கமலம் உத்தரவாக எடுத்துக்கொள்வாள் என்று டீச்சரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் மறுநாள் இன்னும் முன்னதாகவே இருளாண்டி டீக்கடைப் பக்கம் போயிருப்பேன். வெல்லம் வாங்கப் போகிற சாக்கில் நான் போய்ச் சேர்ந்தபோது செங்கமலம் கடை வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள்.

பெரியகருப்பன் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் மடித்த துண்டு, எண்ணெய் தடவிய மீசை.

“மாமா, செத்தப் பிடிங்க.”

சேலையைச் சரிசெய்யப் போகிறாள் என்று நினைத்து அவரும் பேப்பரை வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“பள்ளிக்கூடத்துல விட்டுருங்க மாமா. எனக்குக் கதிர் அறுப்புக்கு நேரமாச்சு. சாயங்காலம் கூட்டியாந்து வீட்டுல விட்டாப் போதும். காலு மட்டும் மண்ணுல பட்டுறப்புடாது. பட்டுச்சுன்னா, அப்ப யாரு கையில இருந்துச்சோ அவுகளைத்தான் சாமி கேக்கும்.”

“ஏய், ஏய், செங்கமலம்! என்னத்தா இது? நான் எதுக்குத் தூக்கணும்?”

“நீங்க பிடிமண்ணுக்கு வழி விட்டிருந்தா நான் எதுக்கு மாமா தூக்கப் போறேன்?”

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அரிவாளைக் கொண்டையில் செருகியிருந்தாள். யாரும் குறுக்கே போகவில்லை.

பெரியகருப்பன் இருளாண்டியிடம் பிள்ளையை நீட்டினார். “கையில வெந்நீ ஊத்திக்கிட்டேங்க” என்று அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எந்தக் கை என்று கேட்டிருந்தால் அவரே குழம்பியிருப்பார். பெஞ்சில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் திடீரென்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் ஞாபகம் வந்துவிட்டது. சரி, பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டு நழுவலாம் என்று பெரியகருப்பன் பிள்ளையை மெல்ல இறக்கப் பார்த்தார்.

“பெஞ்சு எதுமேல நிக்குதுன்னு ஆத்தா கேக்கும் ஐயா” என்றாள் செவந்தி.

பாவம், தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஆம்பளைகளுக்கு இடுப்பே கிடையாது என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார். இந்தப் பக்கம் வைத்தால் வழுக்கியது. அந்தப் பக்கம் வைத்தால் வேட்டி அவிழ்ந்தது. கடைசியில் தோளில் ஏற்றிக்கொண்டார். வெல்லத்தை மறந்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

“ஐயா, ஒங்களுக்கு மூச்சு வாங்குது. ஆத்தாவுக்கு இம்புட்டு வாங்காது.”

“பேசாம வா ஆத்தா.”

“அங்கிட்டு வேணாம் ஐயா, இங்கிட்டுப் போங்க. ஆத்தா இந்த வழியாத்தான் போகும். அங்கிட்டுச் சேறு.”

சிவசாமி தன் வீட்டு வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். பல்குச்சி கீழே விழுந்துவிட்டது. “என்ன பெரியகருப்பு, புரவி எடுப்பு ஆரம்பிச்சாச்சா? குதிரை நல்லாத்தான் இருக்கு!” என்றார். அன்று சாயங்காலம் வரை அவர் சிரிப்பு நிற்கவில்லை.

மறுநாள் காலையில் செங்கமலம் அவர் வாசலில் நின்றாள். “மாமா, நேத்துக் கீழத்தெரு தூக்குனாக. இன்னைக்கு ஒங்க முறை. நான் ரெண்டு பக்கத்துக்கும் பொதுவாத்தானே நடக்கணும்?”

சிவசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கீழத்தெருக்காரன் தூக்கின பிள்ளையை மேலத்தெருக்காரனால் தூக்க முடியவில்லை என்று ஊரில் பேச்சு வந்துவிடும். வந்துவிடும் என்ன, நானே கிளப்பியிருப்பேன்.

இப்படி முறை வைத்து நடந்தது. வாய்க்காலில் ஒரு நாள் கால் வழுக்கி, பிள்ளையை உயரத் தூக்கிப் பிடித்தபடி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார் சிவசாமி. அன்று சாயங்காலமே இரண்டு பனஞ்சட்டத்தைப் போட்டு அதற்குப் பாலம் கட்டினார். அதே வாய்க்காலைச் செங்கமலம் மூன்று வருடமாகத் தாண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்காக யாரும் ஒரு கல்லைக்கூட நகர்த்திப் போடவில்லை. இதை நான் அவர் காதுபடவே சொன்னேன். கேட்காத மாதிரி போய்விட்டார்.

செவந்திக்குக் கொண்டாட்டம். ஒரு தோளில் கேட்டதை மறுநாள் இன்னொரு தோளில் சொல்வாள். “மேலத்தெரு ஐயா ஒங்களைக் கல்லுளிமங்கன்னு சொன்னாரு.” “கீழத்தெரு ஐயாவுக்கு ஒங்களை விடத் தோள் அகலம்.” எனக்குப் பிறகு ஊரில் இந்தத் தொழிலுக்கு ஆள் இல்லாமல் போய்விடுமோ என்ற கவலை எனக்கு அன்றோடு தீர்ந்தது.

ஒரு நாள் பெரியகருப்பன் சாயங்காலம் கொஞ்சம் முன்னதாகவே பிள்ளையை அழைக்கப் போய்விட்டார். வகுப்பு முடிந்திருந்தது. டீச்சர் பாயில் செவந்தியைப் படுக்க வைத்து, வெதுவெதுப்பான எண்ணெய் தடவி, அவள் முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி நீட்டிக்கொண்டிருந்தார். பாயில் படுத்தபடி நீட்டலாம் என்று செங்கமலம் சம்மதித்திருந்தாள், நிற்பதற்குத்தான் தடை. செவந்தி சிலேட்டின் மரச்சட்டத்தைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. சத்தம் மட்டும் இல்லை.

பெரியகருப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “வலிக்குதா ஆத்தா?”

சிலேட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்: “வலிக்குது ஐயா. தெனமும் நின்னாத்தான் சரியாகுமாம். நிக்காம நீட்டுனா மறுநா மடங்கிருமாம், டீச்சர் சொல்லுது. எப்ப மண்ணு குடுப்பீங்க?”

அவர் குனிந்து அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அன்று மூச்சு வாங்கியும் அவர் வழியில் எங்கும் நிற்காமல் நடந்தார் என்று செவந்திதான் என்னிடம் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் சிவசாமி செவந்தியைத் தோளில் வைத்துக்கொண்டு டீக்கடையைத் தாண்டும்போது, பெரியகருப்பன் எழுந்து வழியில் நின்றார். இரண்டு பேரும் மூன்று வருடமாக முகம் பார்த்துப் பேசியதில்லை. நான் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

பெரியகருப்பன் இருளாண்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நான் மண்ணு குடுக்கலை. விட்டுட்டேன். ஆனா அந்த ஆளு குடுக்கக் கூடாது.”

சிவசாமியும் இருளாண்டியைப் பார்த்தே சொன்னார். “எனக்கும் வேணாம். அந்த ஆளு குடுக்காட்டிப் போதும்.”

இரண்டு பேரும் ஒரே கட்சிதான் என்பது தெரிய எங்கள் ஊருக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. இருளாண்டி டம்ளரைக் கழுவிக்கொண்டே, “பின்ன யாருதான் குடுக்குறது?” என்றார்.

மேலேயிருந்து செவந்தி கேட்டாள். “காலுதானே மண்ணுல படக்கூடாது? கை படலாம்ல?”

ஒரு பொம்பளைப் பிள்ளை, அதுவும் நடக்க முடியாத பிள்ளை பிடிமண் கொடுப்பதா என்று இரண்டு தெருவிலும் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்கள் வீட்டு வாசலிலெல்லாம் மறுநாள் காலையில் செவந்தியோடு வந்து நிற்பேன் என்று செங்கமலம் சொல்லியனுப்பினாள். முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

மாசி மாதம் நல்ல நாள் பார்த்துக் கண்மாய்க்குப் போனோம். பெரியகருப்பனும் சிவசாமியும் கையோடு கை கோத்து அதில் செவந்தியை உட்கார வைத்தார்கள். கோத்தார்களே தவிர, ஒருவர் கிழக்கே பார்த்தார், ஒருவர் மேற்கே பார்த்தார். அப்படியே குனிந்து தாழ்த்தினார்கள். செங்கமலம் மகளின் கால்கள் இரண்டையும் தன் கையில் ஏந்திக்கொண்டாள். செவந்தி ஒரு பிடி மண் அள்ளித் திருப்பதி வேளார் கையில் வைத்தாள்.

“இதுல குதிரைக் காது கூட வராதே ஆத்தா” என்றார் வேளார். சொல்லிவிட்டு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வைகாசியில் புரவி எடுப்பு நடந்தது. மூன்று வருடத்து நேர்த்திக்கடனெல்லாம் சேர்ந்து குதிரைகள் வரிசையாகப் போயின. நடுவில் செங்கமலம் மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு யார் கேட்டும் அவள் கொடுக்கவில்லை. கோயில் வாசலில் கொட்டு நின்றது. கூட்டம் வட்டமாக விலகியது. எல்லார் மனதிலும் ஒரே நினைப்புதான். என் மனதிலும்தான், மறைப்பானேன். பிள்ளை எழுந்து நடந்துவிடும் என்று நினைத்தோம்.

செங்கமலம் அவளை இறக்கி, கக்கத்தில் கைகொடுத்து நிறுத்தி, மெல்லக் கையை எடுத்தாள். செவந்தி அப்படியே மடங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“ப்ச்” என்றார்கள் யாரோ. செங்கமலத்தின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எதையும் பார்க்காமல் விடுகிறவள் அல்ல நான்.

அப்போது செவந்தி இரண்டு கையாலும் தன் கால்களை நீட்டி வைத்து, பாதத்தின்மேல் மணலை அள்ளி அள்ளிப் போட்டாள். “ஆத்தா! மண்ணு சுடுது! இங்கிட்டு வாயேன், சுடுது!” என்று சத்தம் போட்டுச் சிரித்தாள்.

செங்கமலம் அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். பாதத்தில் ஒட்டிய மணலைத் தட்டிவிடப் போய், தட்டாமல் அப்படியே கையை வைத்துக்கொண்டாள். வேப்பமரத்து நிழலில் நின்ற டீச்சர் கிட்டே வந்து, “ஸ்கூல் தொறக்கட்டும்னு காத்திருக்க வேணாம் அக்கா. நாளைக்கே ஆரம்பிப்போம்” என்றார்.

மூங்கில் இரண்டு கம்பு வேண்டும் என்றார் டீச்சர். கீழத்தெருவிலிருந்து ஒன்று வந்தது, மேலத்தெருவிலிருந்து ஒன்று வந்தது. ஒன்றைவிட ஒன்று உயரமாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் முளை அடித்துக் கட்டியதில், நடுவில் நின்ற பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டீச்சர் ஆசாரியைக் கூப்பிட்டு இரண்டு பக்க முளைகளையும் செவந்தியின் இடுப்பளவுக்கு அறுக்கச் சொல்லித் திரும்பக் கட்டினார். வலது கால் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. இடது கால் கடைசி வரை முழுதாகக் கேட்கவில்லை. ஆனாலும் அடுத்த பொங்கலுக்குச் செவந்தி கக்கத்தில் கம்பு ஊன்றி, பனஞ்சட்டப் பாலத்தைத் தானே தாண்டி, பள்ளிக்கூடம் போனாள். பின்னால் போன செங்கமலத்துக்கு வெறும் இடுப்போடு நடக்கத் தெரியவில்லை. ரொம்ப நாளைக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தாள்.

மதலைமேரி டீச்சர் இரண்டு வருடம் கழித்துத் திருச்சியில் ரயில்வே உத்தியோகஸ்தர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வழுக்கை. ஆண்டியப்பன் கொழும்புக் கடையை விட்டு அறுபத்தைந்தில் ஊர் வந்து சேர்ந்தான். மகள் நடந்து வந்து கதவைத் திறந்ததைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். செவந்தி கீரமங்கலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, புதுக்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் படித்து, கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அறுபத்தொன்பது தையில் அவளுக்கும் விராலிமலையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முத்துராமனுக்கும் கல்யாணம். மணவறையைச் சுற்றி வர எழுந்தபோது, இந்தப் பக்கமிருந்து பெரியகருப்பனும் அந்தப் பக்கமிருந்து சிவசாமியும் ஒரே நேரத்தில் எழுந்து, “தூக்கிக்கிறட்டுமா ஆத்தா?” என்றார்கள்.

“வேணாம் ஐயா, ஒங்களுக்கு மூச்சு வாங்கும்” என்றாள் மணப்பெண்.

அவர்கள் இரண்டு பேரும் இன்னமும் பேசிக்கொள்வதில்லை. செங்கமலமும் ஆண்டியப்பனும் மகளோடு விராலிமலைக்கே குடிபோய்விட்டார்கள். அடுத்த வீட்டில் இப்போது ஒரு புது ஜோடி வாடகைக்கு இருக்கிறது. வந்து ஆறு மாதமாகிறது, ஒரு சத்தம் இல்லை. அப்படி என்னதான் பேசிக்கொள்வார்களோ, ஒன்றும் காதில் விழ மாட்டேன் என்கிறது.